ரேடியோ சொல்லிக் கொடுத்த தாலாட்டு

உங்களில் எத்தனை பேர் ரேடியோவுக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள்? நம் வயதுக்காரர்களில் பாதிப் பேராவது சொல்லியிருப்போம். பள்ளி ஒலிபரப்பு என்று ஒன்று வந்ததே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்குகிற நேரமாகப் பார்த்து. அதில் ஒரு அம்மா நாட்டுப்பாட்டு சொல்லிக் கொடுப்பார். ஒரு அடியைப் பாடிவிட்டு, "எங்கே, இப்போது நீங்கள் பாடுங்கள் பார்க்கலாம்" என்பார். அப்புறம் ரேடியோ சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற இடத்தில் நாம் கத்த வேண்டும். கத்தி முடித்ததும் "நன்றாகப் பாடினீர்கள்" என்பார். எப்படிக் கத்தினாலும் நன்றாகத்தான் பாடினோம். அப்படி ஒரு டீச்சர் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்சுகள் சிலர் ஒருத்தி வீட்டில் கூடினோம். அவள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாலாட்டுப் பாடினாள். "அட, ஸ்கூல் ரேடியோவில வந்த பாட்டு!" என்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் மட்டும் கைகழுவப் போவதுபோல எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் போனாய் என்று பிறகு கேட்டார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு நாக்கைச் சுட்டுவிட்டது என்று சமாளித்தேன். வெற்றிலை போடும் பழக்கமே எனக்குக் கிடையாது என்பது அவர்களுக்கு ஞாபகம் வராதது என் நல்ல காலம்.

உண்மைக் காரணத்தை இப்போது சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலைமேல், நெல்லிவாசல் நாட்டுப் பக்கம். எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் கிடையாது. ஜீப்பு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் நடைதான். சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விளையும். புளியும் கடுக்காயும் மூட்டை கட்டிக் கீழே போகும். கீழே என்றால் சந்தவாசல். எங்களுக்கு உலகத்தில் இரண்டே ஊர்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று.

பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே வாத்தியார். அவருக்குச் சந்தவாசல். திங்கட்கிழமை காலையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள மலையேறி வருவார், சனிக்கிழமை இறங்கிப் போவார். நடுவில் பள்ளிக்கூடத்திலேயே படுக்கை, பள்ளிக்கூடத்திலேயே சமையல். அவர் ரசம் தாளிக்கிற வாசனையில்தான் எங்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஏறியது. அப்போது அவர் எங்களுக்குப் பெரிய மனுஷர். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் மீசை சரியாக முளைக்காத பையன். பாவம், அவரோடு பேசுவதற்கு அங்கே அவருக்கு யாரும் இல்லை.

அந்த வருஷம்தான் பள்ளிக்கு ரேடியோ வந்தது. பழுப்புத் தோல் உறை போட்டது, முன்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை. மூக்கை வைத்தால் புதுச்செருப்பும் மருந்தும் கலந்த வாசனை அடிக்கும். செம்புக் கம்பி ஒன்றைச் சன்னல் வழியாக இழுத்துப் புளியமரத்தில் கட்டினார் வாத்தியார். உள்ளே பேட்டரிக் கட்டைகள். கட்டை தளர்ந்துபோனால் ரேடியோ அம்மாவுக்குச் சளி பிடித்துவிடும். உடனே கட்டைகளைக் கழற்றிப் பாறைமேல் வெயிலில் வைப்பார். ஆடு வாய் வைக்காமல் காவல் இருப்பது அக்கா வேலை.

அக்கா என்றால் என் பெரியப்பா மகள். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வாசலில் எதிரெதிரே வீடு கட்டியிருந்தார்கள். எது யார் வீட்டுக் களி என்று பார்க்காமல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆடு மேய்த்துவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்கு வந்ததால் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஐந்தாவது. கணக்கு, பாடம், எதிலும் அவள்தான் முதல். அவள் பாடினால் சாமை குத்துகிறவர்கள் உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நான் பாடினால் என் குரல் காதில் விழக்கூடாது என்று இன்னும் வேகமாகக் குத்துவார்கள்.

ரேடியோ சொல்லிக் கொடுத்த பாட்டுகளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஏற்றம் இறைக்கிற பாட்டு, படகு தள்ளுகிற பாட்டு, வரப்பில் வழுக்கி விழுந்த மச்சான் பாட்டு. எங்கள் ஊரில் ஏற்றமும் இல்லை, படகும் இல்லை. வழுக்கி விழுந்த மச்சான்கள் மட்டும் இருந்தார்கள், அவர்களும் பாறையில்தான் விழுந்தார்கள். "ஏத்தம்னா இன்னா சார்?" என்று அக்கா கேட்டாள். வாத்தியார் கரும்பலகையில் படம் போட்டார். "கெணத்துல இருந்து தண்ணி இறைக்கிறது. அலுப்புத் தெரியாம இருக்கப் பாடுவாங்க." அக்கா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்க தண்ணி எடுக்கறதுக்குக்கூட பாட்டு வெச்சிருக்காங்க பாரு" என்று என்னிடம் சொன்னாள். கீழே போக வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் விழுந்தது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

அதற்குத் தோதாக வாத்தியாரும் பெரியப்பாவிடம் பேசினார். ஐந்தாவதோடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். கீழே பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் இருக்கிறது, சோறு போட்டுப் படிக்க வைப்பார்கள் என்றார். எங்கள் ஊரிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் படிக்க இறங்கியதில்லை. அப்பாவும் பெரியப்பாவும் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு பெண்களையும் அனுப்பினால் ஆட்டுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் இல்லை, அதனால் ஒருத்தி போகலாம், ஒருத்தி இருக்க வேண்டும் என்று.

போகிறவள் அக்கா. அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, எனக்கும்தான். பெரியப்பா புளி மூட்டையோடு சந்தவாசல் போனபோது அவளுக்குக் கரும்பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தைத்துக்கொண்டு வந்தார். வாசலில் அதைப் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். பாவாடை சரியாகக் கணுக்காலைத் தொட்டது. நான் அழுதேன். "லீவுக்கு வர்ற ஒவ்வொரு வாட்டியும் உனக்கும் சொல்லித் தரேன்டி, அழாத" என்றாள். எனக்கு வேண்டியது பாடம் இல்லை, அந்தப் பாவாடை.

மாசி மாதம், புளி உலுக்குகிற காலத்தில், ரேடியோ அம்மா தாலாட்டுக்கு வந்தார்.

"ஏரிக்கரை நாரை தூங்க, எள்ளுக்காட்டுக் கிளியும் தூங்க" என்று முதல் அடி. அடி முடிகிற இடத்தில் குரல் படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் ஓர் இழுப்பு இழுத்து நின்றது. "எங்கே, இப்போது நீங்கள் பாடுங்கள்" என்றார். அறையில் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. ரேடியோ காத்திருந்தது. "நன்றாகப் பாடினீர்கள்" என்றது. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் மலையில் அந்த இறக்கமும் இழுப்பும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் உண்டு. செத்தவர் தலைமாட்டில். சாவு விழுந்த வீட்டில் ஒரு பெண் அந்த ராகத்தைத் திறப்பாள். கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆள் அனுப்பிச் சொல்கிற வழக்கம் கிடையாது. அந்த ராகம்தான் ஆள். வேறு எப்போதும் அதை வாயில் எடுக்க மாட்டார்கள். குழந்தையைத் தூங்க வைக்க எங்களுக்கு வேறு மெட்டு இருந்தது, துள்ளலாக, கொள்ளு புடைக்கிற வேகத்தில்.

அக்காதான் எழுந்தாள். "சார், இது செத்த வூட்டு ராகம் சார். இத்த சும்மா பாடக் கூடாது."

"தாலாட்டும்மா இது. நாரை தூங்குது, கிளி தூங்குதுன்னுதான வருது. இதுல யார் செத்தாங்க?"

"வார்த்தை வேற சார். ராகம் அதான் சார்."

"யார் செத்தாங்க, யார் பொறந்தாங்கன்னு ராகத்துக்கு இன்னாம்மா தெரியும்? நீ பாடு, மத்தவங்க கூடவே பாடுவாங்க."

வாத்தியார் சொல்லிவிட்டார். அவள் பாடினாள், குரலைத் தணித்து. நாங்களும் முனகினோம். பள்ளி ஊரைவிட்டுத் தள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் யார் காதிலும் விழவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. வாத்தியார் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். நான்கூட வீட்டுக்குப் போகிற வழியில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அழகான பாட்டு. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அக்காவின் அண்ணனுக்கு அப்போது முதல் குழந்தை பிறந்திருந்தது. அண்ணி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போன சமயம். குழந்தை தூளியில் கிடந்து வீறிட்டது. அக்கா ஆட்டினாள், எடுத்தாள், தோளில் போட்டாள். எதற்கும் மசியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, அந்த ரேடியோப் பாட்டப் பாடேன்."

"வேணாண்டி."

"சார்தான் தாலாட்டுன்னு சொன்னாரே."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அப்புறம் பாடினாள். முதலில் காதுக்குள் சொல்கிற மாதிரி. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவள் குரலைப் பற்றித்தான் சொன்னேனே. உற்சாகம் வந்தால் அது கூரைக்குள் அடங்காது.

குழந்தை தூங்கிவிட்டது. வெளியே புளி தட்டுகிற சத்தமும் நின்றிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. பெரியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தூளியைப் பிரித்தாள், குழந்தை அசையவில்லை, வாரி எடுத்து உலுக்கினாள். அது விழித்துக்கொண்டு ஊரே கேட்கிற மாதிரி அலறிய பிறகுதான் பெரியம்மாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் ஊர் அதற்கு முன்பே கேட்டுவிட்டது. மரத்தில் ஏறியிருந்த ஆண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். பெண்கள் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். வாசல் நிறைய ஆட்கள். முன்னால் நின்றவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, "யாரு?" என்று கேட்டார்.

யாரும் இல்லை. யாரும் சாகவில்லை என்பதை அந்தக் கூட்டத்துக்கு எப்படிச் சொல்வது என்று பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. செத்தவர் யார் என்று கேட்டு வந்தவர்களுக்கு முன்னால், பச்சைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள் பெரியம்மா.

மறுநாள் காலை சாவடியில் ஊர் கூடியது. ஊருக்குப் பெரியவரான நாட்டார், கோபக்காரர் இல்லை. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் பேசினார். சாவு இல்லாத வீட்டில் அந்த ராகத்தைத் திறந்துவிட்டால், திறந்த பெண் வருஷம் திரும்பி ஊர்ப் பொங்கல் வைக்கிற வரைக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ராகம் அவள் பின்னாலேயே போகும் என்பது எங்கள் வழக்கம். தண்டனை என்று யாரும் நினைக்கவில்லை. போகிற இடத்தில் அக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம். "ஊரு சாவுக்குக் கூடுற மாதிரி கூடிடுச்சு. சும்மா எப்படி கலையறது?" என்றார் நாட்டார்.

நான் எழுந்து நின்று, "நான்தான் பாடச் சொன்னேன். நானும் கூடப் பாடுனேன்" என்றேன். மெய்யாகவே சொன்னேன். ஒளிக்கவில்லை.

அப்பா சொன்னார்: "நீ பாடுனா வர்ற சாவுகூட திரும்பிப் போய்டும். ஒக்காரு."

சாவடியே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். என் பங்கு அந்தச் சிரிப்போடு தள்ளுபடி ஆகிவிட்டது.

வழி இல்லாமலும் இல்லை. அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தவர் யாரோ, அவர் பாடிய வீட்டு வாசலுக்கு வந்து நின்று, "நான் குடுத்தத நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லி, ஒரு கைப்பிடி சாமையை மடியில் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அவ்வளவுதான். தடை தீர்ந்தது. எங்கள் ஊரில் பாட்டு என்பது அம்மாவிடமிருந்தோ அத்தையிடமிருந்தோதான் வரும், அதனால் இது கஷ்டமான காரியமே இல்லை. வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"நான் சொல்லிக் குடுக்கலீங்களே. ரேடியோவுல வந்துச்சு" என்றார் வாத்தியார். அவர் பயந்துபோயிருந்தார் என்று இப்போது தெரிகிறது.

நாட்டார் அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களோடு கலந்து பேசினார். பிறகு கேட்டார்: "அப்ப அந்த ரேடியோ அம்மாவ ஒருவாட்டி கூட்டியாற முடியுங்களா? ஜீப்பு நாங்க புடிச்சுத் தர்றோம். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய்டட்டும்."

வாத்தியார் சிரித்துவிட்டார்.

கேலிச் சிரிப்பு இல்லை, அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. ஆனால் ஊர்ப் பெரியவர் ஒரு பெண்பிள்ளைக்காக மரியாதையோடு கேட்ட கேள்விக்கு அது பதிலாக விழுந்துவிட்டது. நாட்டார் முகம் மாறியது. என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிரித்த வெட்கத்தை மறைக்க வாத்தியார் பேசத் தொடங்கினார். மூடநம்பிக்கை என்றார், எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்றார், பெண் படிப்பு என்றார். அவ்வளவும் சரியான பேச்சு. நான் படித்த பிறகு அதே பேச்சை நானும் பல இடங்களில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சாவடியில் அதில் ஒரு வார்த்தையும் அக்காவுக்கு உதவவில்லை.

சித்திரையில் அவள் தானே அவரிடம் போனாள். துணைக்கு நான். பள்ளி பூட்டுகிற வாரம். வாத்தியார் தன் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு வார்த்தை சார். வாசல்ல நின்னு சொன்னா போதும். உள்ளகூட வர வேணாம்."

"நான் இன்னைக்கு அத்தச் சொன்னா, இதெல்லாம் உண்மைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்மா. நாளைக்கு உன் பொண்ணுக்கும் இதையே சொல்வாங்க. நான் மேல பேசறேன். ஆபீசர் வந்து சொன்னா இவங்க கேப்பாங்க. நீ தைரியமா இரு."

அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். வாத்தியார் மனம் மாறிவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இதை யாருக்கும் நான் சொன்னதில்லை. சொல்கிற மாதிரி ஒன்றும் நான் செய்யவில்லையே. வேண்டிக்கொண்டது மட்டும்தான். ஏனென்றால் அதற்கு முந்தின நாள் இரண்டு வீட்டிலும் பேச்சு எழுந்திருந்தது. விடுதியில் இடம் சொல்லி வைத்தாகிவிட்டது, ஒருத்தி போகலாம் என்றும் முடிவாகிவிட்டது, பெரியவள் போக முடியாவிட்டால் சின்னவள் போகட்டுமே என்று.

ஆபீசர் வரவில்லை. கோடை மழை ஒன்று அடித்து, வண்டிப் பாதை அறுத்துக்கொண்டது.

நான் இறங்கின அன்று அந்தக் கரும்பச்சைப் பாவாடையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். அக்கா அளவு. பெரியம்மா அடியில் இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அப்படியும் பாறைகளில் தடுக்கியது. அப்பா முன்னால் நடக்க, ஒரு கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊர் மறைகிற திருப்பம் வரைக்கும் அழுதேன். அதற்கப்புறம் நல்ல சந்தோஷம். சந்தவாசல் கடையில் அப்பா வாங்கிக் கொடுத்த பன்னை முழுதாகத் தின்றேன். அக்கா அந்நேரம் என் ஆடுகளையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போயிருப்பாள் என்ற எண்ணமே வரவில்லை.

வருஷம் திரும்பியது. ஊர்ப் பொங்கல் வைத்தார்கள். தடை தன்னால் தீர்ந்தது. அதற்குள் அக்கா பெரியவளாகிவிட்டாள். "இனிமே இன்னாத்துக்கு?" என்று பெரியப்பா கேட்டார். வாத்தியாருக்கும் வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. ரேடியோவை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. கம்பி மட்டும் மரத்தில் வெகுகாலம் தொங்கிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் காணாமல் போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்து ஊரிலேயே அக்காவுக்குக் கல்யாணம். பாவாடையின் கடைசி மடிப்பைப் பிரிக்கிற உயரத்துக்கு நான் அப்போதுதான் வளர்ந்திருந்தேன்.

தூளியில் கிடந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு அவனுக்கே பேரப்பிள்ளை இருக்கிறது. ஜீப்பு ஓட்டுகிறான், நல்ல தொப்பை.

வாத்தியாரை ஒரே ஒரு முறை பார்த்தேன். வேலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டதும் அவ்வளவு பெருமை, பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் "என் ஸ்டூடண்டு" என்றார். புறப்படும்போது, "அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்லா இருக்கிறாள் என்றேன். "ஒரு கைப்பிடி சாமைதான். வாங்கிக்கிட்டுப் போயிருக்கலாம்" என்றார். நான் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவரைவிட எனக்கு அதில் பங்கு குறைவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். மருந்துச் சீட்டை விளக்கிவிட்டு அனுப்பிவிட்டேன்.

அக்கா வீட்டுக்கு வருஷம் தவறாமல் போகிறேன். அவள் பிள்ளைகள் படிக்க என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். பட்டுப்புடவை, கண் ஆபரேஷன் என்று எதைச் செய்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்வாள். எதைக் கொடுத்தாலும் ஒரே முகம். அதுதான் என்னைக் கொல்லும். ஒரு நாளாவது திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்த நர்சுகள் கூட்டத்துக்குப் பிறகு மனசு கேட்காமல் மலைக்குப் போனேன். அக்கா வெயிலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு வயதாகிவிட்டது, அவளுக்கும். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று, "யக்கா, உன் எடத்துலதான நான் போனேன்" என்றேன்.

"ஆமா" என்றாள். கொட்டையைத் தட்டிக்கொண்டே, "உன்னை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன்டி. மொத நாள் அங்க இன்னா பாடம் எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

யோசித்தேன். இரும்புக் கட்டில் ஞாபகம் வந்தது. சாம்பாரில் மிதந்த கத்தரிக்காய்க் காம்பு ஞாபகம் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் நின்றது ஞாபகம் வந்தது. பாடம் வரவில்லை. எவ்வளவு தோண்டியும் வரவில்லை.

"ஞாபகம் இல்லக்கா."

"ஞாபகம் இல்லியா?" அவள் கை நின்றுவிட்டது. கோபம் இல்லை. நம்ப முடியாமல் என் முகத்தையே பார்த்தாள். "அந்த வருஷம் பூரா ஆடு ஓட்டிக்கிட்டுப் போகும்போது, இன்னிக்கு அங்க இன்னா சொல்லிக் குடுப்பாங்க, இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே போவேன். லீவுக்கு நீ வந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ வந்து, சோறு நல்லால்ல, டீச்சருங்க அடிக்கிறாங்க, அந்த எடமே புடிக்கலன்னு அழுத."

அது உண்மை. ஒவ்வொரு விடுமுறையிலும் அப்படித்தான் சொன்னேன். பாதிக்கு மேல் பொய். விடுதி எனக்குப் பிடித்திருந்தது. நீ இழந்தது ஒன்றும் பெரிதில்லை என்று அவளுக்குத் தோன்றட்டும், அவள் மனசு ஆறட்டும் என்று நானாகக் கண்டுபிடித்த தந்திரம் அது. அதை இப்போது அவளிடம் சொன்னேன்.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பசியோட ஒக்காந்திருந்தவ முன்னாடி கெடச்ச சோத்த மண்ணுல கொட்டுனியேன்னுதான்டி ஒவ்வொரு லீவுக்கும் நான் அழுதேன்."